"அட்வான்ஸ்டு போ, ப்ரொசீட் அழுத்து": காலேஜ் ஃபயர்வால் கேட்கும் சர்டிஃபிகேட்டைப் படிப்பது எப்படி?

போன மாதம் ஒரு சாயங்காலம், சத்துவாச்சாரியில் எங்கள் ரூமுக்கு செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் வந்தான். கையில் போன்.

"அண்ணா, காலேஜ் வைஃபைல எதைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணம் வருது. 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்'னு சொல்லுது. என்ன பண்றது?"

ரூமில் நாங்கள் நான்கு பேர். எல்லாரும் ஃபைனல் இயர், அதில் மூன்று பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ். நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "அட்வான்ஸ்டு போ, கீழ ப்ரொசீட்னு இருக்கும், அழுத்து."

அவன் அழுத்தினான். வேலை செய்தது. போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டான்: "அப்போ அது எதுக்குண்ணா வருது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. போன செமஸ்டர் என்னுடைய மினி ப்ராஜெக்ட் தலைப்பே ஃபயர்வால். வைவாவில் நல்ல மார்க் வேற. ஆனா அந்தத் தம்பிக்கு இரண்டு வரியில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்ன விஷயம். 'சான்றிதழ்' என்று எழுதினால் எனக்கு தாலுகா ஆபீஸும் கம்யூனிட்டி சர்டிஃபிகேட்டும்தான் ஞாபகம் வருது. அதனால் முழுக்க சர்டிஃபிகேட் என்றே எழுதுகிறேன். தமிழ் மிஸ் படித்தால் மன்னிக்கவும்.

ஆம்பூர் வழியாகப் போகலாம்

என் மாமா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் பார்க்கிறார். பள்ளிகொண்டா தாண்டி பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். லீவுக்குப் போகும்போதெல்லாம் அவர் டேபிளில் ஃபைல் மலை மாதிரி இருக்கும். ஒருநாள், "ஷூ நல்லா இருக்கா இல்லையான்னு வாங்குறவன் பார்த்தா தெரியாதா, எதுக்கு இவ்வளவு பேப்பர்?" என்று கேட்டேன்.

அவர் சொன்னது இது. நம்ம ஊர்ப் பக்கம் தோல் பதனிடுவது பெரும்பாலும் குரோமியம் உப்பில். அதில் இருப்பது குரோமியம் மூன்று, அதனால் பெரிய தொந்தரவு இல்லை. பதனிடும்போதோ பிறகு ஸ்டோரேஜிலோ சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அதில் கொஞ்சம் குரோமியம் ஆறாக மாறலாம். அது விஷம், தோலில் அலர்ஜி வரவைக்கும். ஐரோப்பிய யூனியனில் 2015 மே 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: உடம்பில் படுகிற தோல் பொருளில் குரோமியம் ஆறு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது. ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது தெரியாது. முகர்ந்தாலும் தெரியாது. லேப் ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஜெர்மனியில் இருக்கும் பையர் இங்கே இருக்கிற ஒரு லேபை ஏன் நம்பணும்? அந்த லேபுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கு. என்ஏபிஎல்லை ஏன் நம்பணும்? அது ஐலாக் என்ற உலக அமைப்பின் பரஸ்பர ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டிருக்கு. அதற்கு மேல் அவர் கேட்கமாட்டார். அங்கே ஒரு இடத்தில் "இவங்களை நம்புறேன்" என்று நின்றுவிடுவார்.

டிஜிட்டல் சர்டிஃபிகேட்டும் இதே சங்கிலிதான். உங்கள் பேங்க் சைட்டைத் திறந்தால் அந்த சர்வர் ஒரு சர்டிஃபிகேட் அனுப்பும். அதில் முக்கியமாக நான்கு விஷயம் இருக்கும்: எந்தப் பெயருக்குக் கொடுத்தது, அந்தப் பெயருக்கு உரிய பப்ளிக் கீ எது, எந்தத் தேதி வரை செல்லும், யார் கையெழுத்து போட்டது. கையெழுத்து போட்டவர் பெரும்பாலும் ஒரு இன்டர்மீடியட் சிஏ. அவருக்குக் கையெழுத்து போட்டவர் ரூட் சிஏ. ரூட்டுக்கு மேல் ஆள் கிடையாது, தனக்குத்தானே கையெழுத்து போட்டுக்கொள்ளும். அதை ஏன் நம்புகிறோம்? உங்கள் விண்டோஸோ, ஆண்ட்ராய்டோ, ஃபயர்ஃபாக்ஸோ ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறது. நூற்றுக்கும் மேல் ரூட்கள் அதில் இருக்கும். நீங்களும் நானும் ஒரு தடவைகூட திறந்து பார்க்காத லிஸ்ட்.

ஒரு இடத்தில் மாமா ரிப்போர்ட்டும் இதுவும் வேறுபடும். லேப் ரிப்போர்ட்டை யார் வேண்டுமானாலும் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டி ஏமாற்றலாம். சர்டிஃபிகேட்டைக் காப்பி அடித்துப் பிரயோஜனம் இல்லை. அதில் உள்ள பப்ளிக் கீக்கு ஜோடியான பிரைவேட் கீ தன்னிடம் இருக்கிறது என்று சர்வர் ஒவ்வொரு முறையும் ஹேண்ட்ஷேக்கில் நிரூபிக்க வேண்டும். அதனால் இந்த விளையாட்டில் உயிர்நாடி பிரைவேட் கீ. அது யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நடுவில் உட்காரும் பெட்டி

காலேஜ் ஃபயர்வால் என்பது சர்வர் ரூமில் ஏசி காற்றில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி. வெளியே போகிற, உள்ளே வருகிற எல்லாம் அதைத் தாண்டித்தான். முன்னே எல்லாம் சைட்கள் எச்டிடிபியில் இருந்தபோது அது எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. இப்போது கிட்டத்தட்ட எல்லாம் எச்டிடிபிஎஸ். பெட்டிக்குத் தெரிவது பூட்டின டப்பா மட்டும்தான். எந்த சைட்டுக்குப் போகிறது என்று தெரியும், ஏனென்றால் ஹேண்ட்ஷேக்கின் ஆரம்பத்தில் எஸ்என்ஐ என்ற இடத்தில் சைட் பெயர் பொதுவாக வெளிப்படையாகவே போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

இங்கே ஒன்று கவனிங்க. இன்ஸ்டாகிராமை பிளாக் பண்ண எஸ்என்ஐ போதும். டப்பாவை உடைக்கத் தேவையே இல்லை. டவுன்லோடு ஆகிற ஃபைலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றால்தான் உடைக்க வேண்டும். அதற்குப் பெயர் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன்.

எப்படி உடைக்கிறது? நீங்கள் ஜிமெயில் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். ஃபயர்வால் குறுக்கே வந்து, கூகுளிடம் உங்கள் இடத்தில் தான் நின்று ஒரு கனெக்‌ஷன் போடும். உங்களிடம் கூகுள் இடத்தில் நின்று இன்னொரு கனெக்‌ஷன் போடும். ஒன்றாக இருக்க வேண்டியது இரண்டு டிஎல்எஸ் ஆகிவிட்டது, நடுவில் எல்லாம் திறந்த புத்தகம். உங்களிடம் கூகுளாக நடிக்க அதற்கு கூகுள் பெயரில் ஒரு சர்டிஃபிகேட் வேண்டும். அதை அந்த நொடியிலேயே தானே தயார் செய்து, தன்னுள் இருக்கும் சிஏவால் கையெழுத்து போட்டுவிடும்.

அந்த சிஏ உங்கள் போன் வைத்திருக்கும் லிஸ்டில் இல்லை. அதனால்தான் சிவப்பு முக்கோணம். தம்பியின் போன் கெட்டுப்போகவில்லை. "நான் நம்புகிற யாரும் இதுக்குக் கையெழுத்து போடல" என்று நேர்மையாகச் சொல்லுது. நாங்கள்தான் அதை வாயை மூடச் சொன்னோம்.

ஜிமெயில் மாதிரி சில சைட்களில் ப்ரொசீட் பட்டனே வராது. எச்எஸ்டிஎஸ் என்ற ஏற்பாட்டால், தப்பான சர்டிஃபிகேட் வந்தால் வழியே கொடுக்காதே என்று அந்த சைட்களே பிரவுசரிடம் சொல்லி வைத்திருக்கும். அப்போதுதான் லேபில் சொல்வார்கள்: "சர்டிஃபிகேட்டை இன்ஸ்டால் பண்ணிக்கோங்கப்பா." கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபைல் வரும். எல்லாரும் இன்ஸ்டால் பண்ணுவோம். முக்கோணம் போய்விடும், சந்தோஷம். ஆனால் உண்மையில் நடந்தது என்ன? ஐலாக்குக்குச் சமமான ஒரு இடத்தில் அந்தப் பெட்டியை உட்கார வைத்துவிட்டோம். இனி அது எந்தப் பெயருக்குக் கையெழுத்து போட்டாலும் நம் போன் தலையாட்டும். பேங்க் பெயருக்கும்கூட.

சைபரோம் கதை

"காலேஜ் தன் சொந்தப் பெட்டியை நம்பச் சொல்லுது, அதுல என்ன தப்பு?" என்று கேட்கலாம். நியாயம். காலேஜுக்கும் ரான்சம்வேர் பயம் இருக்கும். ஆனால் பிரைவேட் கீ யார் கையில் என்று மனசில் வைக்கச் சொன்னேன் இல்லையா? அது இங்கேதான் வருது.

நம் சீனியர்களின் சீனியர்களைக் கேட்டால் சைபரோம் லாகின் பேஜைப் பற்றி ஒரு மணி நேரம் புலம்புவார்கள். அகமதாபாத்தின் எலைட்கோர் டெக்னாலஜீஸ் உருவாக்கிய ஃபயர்வால் அது. இந்தியா முழுக்க இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்களில் பிரபலம்.

2012இல் ஜோர்டானில் ஒருவர் டார் ப்ராஜெக்ட் சைட்டைத் திறந்தபோது ஒரு போலி சர்டிஃபிகேட் வந்ததைக் கவனித்து டார் குழுவிடம் சொன்னார். கையெழுத்து போட்டவர் பெயர்: சைபரோம். ஏதோ சிஏவை ஹேக் பண்ணிவிட்டார்கள் என்றுதான் அவர்கள் முதலில் நினைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் அப்படித்தான் விழுந்தது. தோண்டிப் பார்த்தால் விஷயம் வேறு. அது ஒரு ஃபயர்வால் பெட்டி, நாம் மேலே பார்த்த அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அதோடு நிற்கவில்லை. ரூனா சாண்ட்விக், பென் லாரி என்ற இரண்டு பேர் அந்தச் சங்கிலியை ஆராய்ந்தார்கள். எல்லா சைபரோம் பெட்டிகளிலும் ஒரே சிஏ சர்டிஃபிகேட். அப்படியென்றால் ஒரே பிரைவேட் கீ. ஜூலை மாதம் இதை வெளியிட்டார்கள். சிவிஇ-2012-3372 என்று நம்பரும் விழுந்தது.

இதன் அர்த்தத்தை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். உங்கள் காலேஜுக்காக அந்த சிஏவை லேப்டாப்பில் இன்ஸ்டால் பண்ணுகிறீர்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெங்களூரில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் கனெக்ட் பண்ணுகிறீர்கள். அங்கேயும் ஒரு சைபரோம் பெட்டி. அவர்கள் உங்கள் பேங்க் பெயரில் சர்டிஃபிகேட் தயாரித்தால் உங்கள் லேப்டாப் ஒரு எச்சரிக்கையும் காட்டாது. நீங்கள் காலேஜை நம்பினதாக நினைத்தீர்கள், நம்பினது உலகத்தில் அந்தப் பெட்டி வைத்திருக்கும் எல்லாரையும். பெட்டியே வேண்டாம், அதிலிருந்து கீயை எடுத்தால் போதும். சில நாட்களிலேயே அந்த கீயை யாரோ நெட்டில் போட்டும்விட்டார்கள். கம்பெனி அவசரமாக அப்டேட் கொடுத்து ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி கீ வரும்படி மாற்றியது. 2014இல் சோஃபோஸ் சைபரோமை வாங்கியது.

அதே 2014இல் நம் நாட்டிலேயே இன்னொன்று. இது ஃபயர்வால் இல்லை, ஆனால் விட மனசில்லை. ஐடி சட்டம் 2000இன் கீழ் சிசிஏ என்ற அரசு அமைப்பு இருக்கிறது. அதன் ரூட் விண்டோஸ் லிஸ்டில் இருந்தது. அதன் கீழே என்ஐசியின் இன்டர்மீடியட் சிஏ. அந்த ஜூலை 2ஆம் தேதி, என்ஐசி சிஏ கையெழுத்துடன் கூகுள் பெயருக்கு சர்டிஃபிகேட்கள் இருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. கூகுள் கேட்கவே இல்லை. மறுநாளே சிசிஏ அந்த இன்டர்மீடியட்களை ரத்து செய்தது. சர்டிஃபிகேட் கொடுக்கும் முறைக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள், தப்பாகப் போனது நான்கு, மூன்று கூகுளுக்கு, ஒன்று யாஹூவுக்கு என்று சிசிஏ சொன்னது. வேறு சிலவும் இருப்பது தெரியும் என்றது கூகுள். குரோமில் சிசிஏ ரூட்டை இந்திய அரசு, கல்வி, மற்றும் சில டொமைன்களுக்கு மட்டும் செல்லும்படி சுருக்கிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் சொந்த லிஸ்டில் அந்த ரூட்டே கிடையாது.

கவர்ன்மெண்ட் ரூட்டுக்கே இந்த நிலை. ஆனால் அதைக் கவனிக்க கூகுள் இருந்தது, ரத்து செய்ய ஆள் இருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் வந்த காலேஜ் சிஏவை யார் கவனிப்பார்கள்?

ரூமில் செய்த ஒரு வேலை

தம்பி கேட்டுவிட்டுப் போன பிறகு எனக்குத் தூக்கம் வரல. என் லேப்டாப்பில் ஒரு சிஏ உருவாக்கினேன். பெயர், டிபார்ட்மெண்ட், ஊர் எல்லாம் எங்கள் காலேஜ் சிஏவில் உள்ளபடியே டைப் பண்ணினேன். யாரும் தடுக்கவில்லை, அந்தப் பெட்டிகளில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பிறகு ரூம்மேட்டிடம் கேட்டேன், "டேய், உன்னை வேவு பார்க்கட்டுமா?" அவன் சிரித்துக்கொண்டே லேப்டாப்பை நீட்டினான். என் சிஏவை அதில் போட்டு, மிட்ம்ப்ராக்ஸி என்ற ஓப்பன் சோர்ஸ் டூல் வழியாக அவன் டிராஃபிக்கைத் திருப்பினேன். அவன் ஒரு ஜாப் போர்ட்டலில் லாகின் செய்தான். என் ஸ்கிரீனில் அவன் பாஸ்வேர்டு அப்படியே வந்து நின்றது. அவன் பக்கம் பிரவுசர் "கனெக்‌ஷன் இஸ் செக்யூர்" என்றது.

சிரிப்பு நின்றுவிட்டது. பாஸ்வேர்டில் அவன் ஆள் பெயர் இருந்தது வேறு கதை.

காலேஜ் சிஏவையும் என் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தோம். பெயரைப் பார்த்து வித்தியாசம் சொல்லவே முடியாது. மாறுவது ஒன்றுதான்: ஷா-256 ஃபிங்கர்பிரிண்ட், அந்த நீளமான எழுத்து-நம்பர் வரிசை. ஆக, குரூப்பில் ஃபார்வர்டு ஆகி வந்த ஃபைலை அப்படியே இன்ஸ்டால் பண்ணாதீர்கள். சர்வர் ரூமில் கேட்டு ஃபிங்கர்பிரிண்டை ஒப்பிடுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

நான் போய் கேட்டேன். நெட்வொர்க் பார்க்கிற அண்ணா முதலில் மேலும் கீழும் பார்த்தார், அப்புறம் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துக் காட்டினார். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து பேங்க், ஆஸ்பத்திரி சைட்களை விலக்கி வைக்கும் வசதி பெரும்பாலான ஃபயர்வால்களில் உண்டு, எங்களிடமும் போட்டிருக்கிறார். இன்னொரு கேள்வியும் கேட்டேன்: வெளியே இருக்கும் சைட்டின் சர்டிஃபிகேட் மோசமாக இருந்தால் பெட்டி என்ன செய்யும்? ஏனென்றால் இப்போது உண்மையான சர்டிஃபிகேட்டைப் பார்ப்பது பெட்டி மட்டும்தான், நம் பிரவுசர் பார்ப்பது பெட்டி தயாரித்ததை. பெட்டி சோம்பேறித்தனமாக எல்லாவற்றுக்கும் நல்ல சர்டிஃபிகேட் தயாரித்துக் கொடுத்தால் நமக்குத் தெரியவே தெரியாது. 2017 மார்ச்சில் அமெரிக்காவின் யுஎஸ்-செர்ட் இதைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. அண்ணா செட்டிங்கைத் திறந்து பார்த்தார். "இதை மாத்தணும்" என்று மட்டும் சொன்னார்.

எல்லா முக்கோணமும் ஒன்று இல்லை

முக்கோணம் வந்தால் உள்ளே இருக்கும் எரர் கோடைப் படியுங்கள். தேதி பற்றி ஏதாவது சொன்னால் முதலில் உங்கள் போன் தேதியைப் பாருங்கள், பாதி நேரம் அதுதான். பெயர் பொருந்தவில்லை என்று வைஃபை கனெக்ட் ஆனவுடனே வந்தால், அது லாகின் பேஜுக்குத் திருப்பிவிடப் பார்க்கிறது. அப்போது ப்ரொசீட் வேண்டாம். எச்டிடிபி சைட் ஒன்றைத் திறந்தால், நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் இதுக்காகவே இருக்கு, லாகின் பேஜ் தானாக வரும். 'அத்தாரிட்டி இன்வாலிட்' என்று வந்தால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயம். சர்டிஃபிகேட்டைத் திறந்து 'இஷ்யூட் பை' பாருங்கள். அங்கே ஃபயர்வால் கம்பெனி பெயரோ காலேஜ் பெயரோ இருந்தால் யார் நடுவில் இருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். தெரியாத பெயர் என்றால் டேட்டாவுக்கு மாறுங்கள்.

"இன்ஸ்டால் பண்ணியும் பேமெண்ட் ஆப் மட்டும் காலேஜ் வைஃபைல வேலை செய்யல" என்று நிறைய பேர் கேட்பார்கள். ஆண்ட்ராய்டு 7 முதல், நாம் கையால் போட்ட சிஏவை ஆப்கள் சாதாரணமாக நம்பாது. சில ஆப்கள் தங்கள் சர்வரின் கீயை உள்ளேயே பின் பண்ணி வைத்திருக்கும். அது பிரச்சினை இல்லை, உங்களுக்காகத்தான்.

கிளம்பும் முன்

எங்கள் காலேஜ் சிஏவில் கடைசித் தேதி 2036 என்று போட்டிருக்கிறது. நான் இந்த வருஷம் பாஸ் அவுட். அதற்கு மேலும் பத்து வருஷத்துக்குக் குறையாமல் என் லேப்டாப் அந்தப் பெட்டியின் கையெழுத்தை நம்பிக்கொண்டிருக்கும், நான் எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும். பெட்டி அதுவரை சர்வர் ரூமில் இருக்குமா? நான்கைந்து வருஷத்தில் புதுசு வாங்குவார்கள். பழையது எக்ஸ்சேஞ்சில் போகும், இல்லை பழைய சாமான் கடைக்குப் போகும். பிரைவேட் கீயும் அதோடு போகும், யாராவது அழிக்காவிட்டால்.

அதனால் நோ டியூஸ் வாங்குகிற வாரத்திலேயே இதையும் செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் சர்ச்சில் 'ட்ரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்' அடித்து 'யூசர்' டேப் பாருங்கள். விண்டோஸில் செர்ட்எம்ஜிஆர் டாட் எம்எஸ்சி திறந்து 'ட்ரஸ்டட் ரூட்' உள்ளே தேடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் தனி லிஸ்ட் வைத்திருக்கும், அதன் செட்டிங்ஸில் 'வியூ சர்டிஃபிகேட்ஸ்'. ஐபோனில் 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மெண்ட்' உள்ளே ப்ரொஃபைலாக இருக்கும், எடுத்துவிடலாம்.

போன வாரம் எங்கள் சீனியர் ஒருத்தர் ரூமுக்கு வந்திருந்தார், பாஸ் அவுட் ஆகி இரண்டு வருஷம். சென்னையில் ஒரு பேங்க் ப்ராஜெக்டில் வேலை. "காட்டுங்கண்ணா" என்று அவர் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தோம். காலேஜ் சிஏ அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, இன்டர்ன்ஷிப் போன கம்பெனியுடையதாம். கம்பெனி இப்போது இல்லை. இரண்டையும் எடுத்தோம். செகண்ட் இயர் தம்பியும் கூட இருந்து பார்த்தான். அவன் போனில் இருந்தது குரூப்பில் வந்த ஃபைல். ஃபிங்கர்பிரிண்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன் என்று நெட்வொர்க் அண்ணா சொல்லியிருக்கிறார். இன்னும் ஒட்டவில்லை. அதுவரை தம்பி டேட்டாவில் ஓட்டுகிறான், ரீசார்ஜ் பாதி என் தலையில்.